அந்த வளைகாப்புக்கு வந்தவர்களுக்கு

1

நம் பள்ளி மலருக்கு வருஷா வருஷம் பெங்களூரிலிருந்து ஏதாவது எழுதி அனுப்புவது என் வழக்கம். இங்கத்திய சாம்பாரில் வெல்லம் விழுவதைப் பற்றி எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் கன்னடம் பேசப்போய் அசடு வழிந்ததை எழுதியிருக்கிறேன். நீங்களும் படித்துச் சிரித்துவிட்டு, சாத்தூர்க்காரனுக்கு எங்கே போனாலும் வாய் குறையாது என்று போன் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தடவை சிரிக்க ஒன்றுமில்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

போன வாரம் என் மனைவி இந்திராவுக்கு முதல் வருஷத் திதி. படத்துக்கு மாலை போட்டு, இலையில் படையல் வைத்து, நானும் மகள் ஹேமாவும் மட்டும் கும்பிட்டோம். காக்கைக்குச் சோறு வைக்க மொட்டை மாடிக்குப் போனபோது கொடியில் மூன்று நைட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றும் புதியவை, கழுத்திலிருந்து கீழே வரை முன்பக்கம் பட்டன் வைத்தவை. ஹேமா நைட்டி போடுகிற பெண் இல்லை. யாருடையது என்று கேட்டேன்.

"எனக்குத்தான்ப்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் கைய மேல தூக்க முடியாதாம். தலை வழியா போடற டிரெஸ் வேணாம்னு நர்ஸ் சொன்னாங்க. கஞ்சி போகட்டும்னு நனைச்சுப் போட்டேன்."

ஹேமாவுக்கு இருபத்தெட்டு வயது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனால் இந்திரா மார்பகப் புற்றுநோயில் போனாள். இந்திராவின் அக்கா ராஜம் அதே நோயில், நாற்பத்து மூன்று வயதில் போனாள். அடுத்தது தான்தான் என்று ஹேமா முடிவு கட்டிவிட்டாள். வருமுன்னே இரண்டு மார்பையும் எடுத்துவிடச் சொல்லி டாக்டர் டாக்டராக அலைந்தாள். முதல் டாக்டர் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும் என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் அவளுடைய பிடிவாதத்தைப் பார்த்துச் சம்மதித்து நாள் குறித்துவிட்டார். இன்றிலிருந்து பதினாறாம் நாள்.

என் மகளுக்கு அந்த நோய் அம்மா வழியில் வராது. வரவே முடியாது. இது தெரிந்த மூன்று பேரில் இரண்டு பேர் செத்துப்போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நான்.

2

ஹேமா நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத இருபத்தெட்டு வருஷமும், இன்று காலையிலிருந்து நான்கு தாளும் ஆகியிருக்கின்றன.

இந்திராவின் வளைகாப்புக்கு வந்து புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேராவது இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். அன்று வயிறு என்று நீங்கள் பார்த்தது ராஜத்தின் பழைய நூல்சேலை. நான்காக எட்டாக மடித்து, பாவாடைக்குள் வைத்துத் தைத்து, இடுப்பில் கட்டிவிட்டது ராஜம்தான். முதல் வளையலைப் போட்டதும் அவள்தான். வந்த பெண்கள் ஆசையாக வயிற்றைத் தடவ வரும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"யாரும் வயித்தத் தொடாதீங்கம்மா. ஒம்பது வருஷத்துக்கப்புறம் வந்த பிள்ள. கண்ணு பட்டுரும்."

நீங்களும் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டீர்கள்.

ஏன் இப்படி ஒரு கூத்து என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டா என்பது வேறு விஷயம். அந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் தெருவில் எத்தனை வளைகாப்பு நடந்தது. ஒன்றிலாவது இந்திராவை வளையல் போடக் கூப்பிட்டீர்களா? அவள் வந்து ஓரமாக நிற்பாள், பந்தி பரிமாறுவாள், வளையல் தட்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிற இடமெல்லாம் "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்பீர்கள். வெளியில் பிள்ளை எடுக்கிற பேச்சை நான் ஒரே ஒரு தடவை என் அப்பாவிடம் எடுத்தேன். எந்தச் சாதியோ, எவன் ரத்தமோ என்று அவர் சொன்ன விதத்தில், அந்தப் பிள்ளை அந்த வீட்டில் என்ன பாடுபடும் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அதனால்தான் பெங்களூர். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம் என்று உங்களிடம் சொன்னது பாதி உண்மை. பீன்யாவில் ஒரு மெஷின் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது நிஜம். அதே வேலை கோயம்புத்தூரிலும் கிடைத்தது. கோயம்புத்தூருக்கு நீங்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்து இறங்கிவிடுவீர்கள் என்று இந்திரா வேண்டாம் என்றாள்.

இங்கே ஒரு இல்லத்தில் பெயர் பதிந்தோம். கல்யாணம் ஆகாமல் வயிற்றில் வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே தங்கிப் பிரசவம் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது என்று அங்கிருந்த அம்மாள் விளக்கினார். இந்திரா கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளையிடம் மட்டும் மறைக்காதீர்கள், சின்ன வயதிலேயே கதைபோலச் சொல்லிவிடுங்கள் என்றும் அந்த அம்மாள் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நீங்களெல்லாம் மல்லுக்கு நின்றபோது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, வாரா வாரம் பெங்களூர் டாக்டரம்மா பார்க்க வேண்டும் என்று சொல்லி வளைகாப்பு முடிந்ததும் ரயிலேறிவிட்டோம். மதுரை தாண்டியதும் இந்திரா பாத்ரூமுக்குப் போய் அந்தச் சேலையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பையில் வை என்றேன். வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சேலம் வரை அழுதாள்.

பிள்ளை பிறந்துவிட்டது என்று இல்லத்திலிருந்து சொன்னார்கள். ஆனால் பெற்றவள் மனம் மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதுவரை கையில் தர மாட்டார்கள். ஊரில் கேட்டவர்களிடம் பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, யாரும் வரவேண்டாம் என்று போனில் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் நான் போகாத கோயில் இல்லை. ஒரு பெண் தான் பெற்ற பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் நான். நான் கேட்டபடியே நடந்தது.

3

முதலில் ஸ்ரீராம்புரத்தில் வாடகைக்கு இருந்தோம். சந்துக்குள் சின்ன வீடு. இந்தப் பக்கம் ஆம்பூர்க்காரர்கள், அந்தப் பக்கம் திருவண்ணாமலைக்காரர்கள். கதவைத் திறந்தால் தமிழ்தான். ஆறே மாதம். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, புட்டிப்பாலா, தாய்ப்பால் ஏன் வற்றிவிட்டது, பத்தியம் சரியாக இருக்கவில்லையா என்று ஆதரவாகத்தான் கேட்டார். அடுத்த வாரமே இந்திரா வீடு மாற்றச் சொல்லிவிட்டாள். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிற தெருவே வேண்டாம் என்றாள். மாகடி ரோட்டுப் பக்கம், யாரும் எங்களை எந்த ஊர் என்று கேட்காத ஒரு தெருவுக்கு வந்தோம்.

வெளியூர் போனவன் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது என்று புலம்புவது வழக்கம். நானும் இந்த மலரிலேயே புலம்பியிருக்கிறேன். ஹேமாவுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. கோபம் வந்தால் கன்னடம், கணக்குப் போட்டால் இங்கிலீஷ். அதைக் காலத்தின் கோலம் என்று எழுதினேன். அது காலம் செய்தது இல்லை, நாங்கள் செய்தது. தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்கம், தமிழ்க் கோயில் எதற்கும் அவளை அனுப்பவில்லை. அங்கே போனால் யாராவது சாத்தூர்ப் பக்கத்துக்காரர் இருப்பார்.

பள்ளிக்கூடத்தில் ரத்தப் பிரிவு பார்க்கிற நாளில் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொண்டோம். ஆனாலும் ஒருநாள் கல்லூரியில் பார்த்துவிட்டார்கள். அவளுக்கு பி. இந்திராவுக்கு ஓ, எனக்கும் ஓ. இரண்டு ஓவுக்கு ஒரு பி பிறக்காது என்பது பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதானே. நான் கொஞ்சமும் யோசிக்காமல் எனக்கும் பி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் போதுமா? கம்பெனியில் அடையாள அட்டை புதுப்பித்தபோது படிவத்திலும் பி என்றே எழுதிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அட்டை பர்ஸில் இருக்கிறது. நூலிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற வேலையை முப்பது வருஷம் பார்த்தவன், விபத்தில் அடிபட்டால் தன்னையே கொன்றுவிடக்கூடிய பொய்யைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன்.

4

இந்திராவுக்கு நோய் என்று தெரிந்த அன்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். அக்காவுக்கும் இருந்ததா என்று கேட்டார். பிறகு ஹேமாவைப் பார்த்து, அப்படியானால் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். ஹேமா தலையாட்டினாள். இந்திரா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

கோபமோ வருத்தமோ வந்தால் இந்திரா பேச மாட்டாள். அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவுவாள். நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் செய்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். குழாயை மூடாமலே பேசினாள்.

"நான் இருக்கற வரைக்கும் சொல்லாதீங்க. இருக்கற வரைக்கும் அவ எம் பிள்ளையா இருக்கட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

சரி என்றேன். ஒரு வருஷம் நோயோடு இருந்தாள். அந்த ஒரு வருஷமும் ஹேமா அம்மாவைக் குளிப்பாட்டினாள், முடி கொட்டியபோது தன் முடியையும் வெட்டிக்கொண்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நடை, ஒரே சிரிப்பு என்று நர்ஸுகள் சொல்வார்கள். இந்திராவின் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு என்னால் எப்படி வாயைத் திறக்க முடியும்?

ஆனால் அவள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவளுக்குக் கொடுத்த வாக்கு அவளோடு முடிந்தது. இந்த ஒரு வருஷத்து மௌனம் முழுக்க என்னுடையது.

இந்த வருஷத்தில்தான் ஹேமா மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். சொல்லாமலே பயம் போய்விடும் அல்லவா? ஆனால் டாக்டர் இதை முழுதாக நம்ப முடியாது என்றுவிட்டார். அம்மாவிடம் இருந்த கோளாறு எது என்று தெரிந்தால்தான் அது மகளிடம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியுமாம். இந்திராவுக்கு அந்தச் சோதனை செய்யவே இல்லை. ஹேமா கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டாள். நாலு வருஷம் பழகிய பையனிடம், பிள்ளைக்கு இதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் அப்போதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

5

எனக்குச் சொல்ல வக்கில்லை, ஆபீஸாவது உதவட்டும் என்று கிளம்பினேன். பெற்றவளைப் பற்றிய விவரம் கையில் இருந்தால் சொல்வது சுலபம் என்று ஒரு கணக்கு. அந்த இல்லம் மூடி ரொம்ப காலமாகிவிட்டது. பழைய கோப்புகள் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்விட்டன. மூன்று இடம் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பெண் அதிகாரி உட்காரச் சொன்னார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. என் கன்னடம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் காய்கறிக்கடைக் கன்னடம். அதில்தான் சொன்னேன்: "நன்ன மகளு தத்து மகளு, மேடம்." சொன்ன பிறகுதான் உறைத்தது. தத்து என்ற சொல்லை நான் இருபத்தெட்டு வருஷமாக வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இந்திராவிடம்கூடச் சொன்னதில்லை. கன்னடத்தில் சொல்லும்போது வேறு யாரோ ஒருவனின் மகளைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது.

பிள்ளையை எடுத்தபோது கொடுத்த நீதிமன்ற உத்தரவின் நகலைப் பார்த்தார். மகளுக்கு வயது கேட்டார். பதினெட்டு தாண்டிவிட்டால் மகளேதான் மனு எழுதிக்கொண்டு வரவேண்டும், வளர்த்தவர் கேட்டால் தர முடியாது என்றார். பிறகு அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். கொத்தில்லா, தெரியாது என்றேன். அவர் உத்தரவை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"மொதலு அவளிகெ ஹேளி, சார்."

முதலில் அவளிடம் சொல்லுங்கள். இதைக் கேட்க மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை மேஜையில் விரித்த மாதிரியே போட்டு வைத்திருக்கிறேன். ஹேமா வந்து போகும்போது பார்க்கிறாள். என்னப்பா, ஊர்ப் புத்தகத்துக்கா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்குப் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

6

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, ஆஸ்பத்திரிப் படிவத்தை வைத்துக்கொண்டு அவள் எழுத உட்கார்ந்தாள். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்கிற கட்டத்துக்கு வந்தாள்.

"பெரியம்மாக்கு எத்தனை வயசுல வந்துச்சுப்பா, நாப்பத்தி ஒண்ணா?"

"அத எழுத வேண்டாம்மா."

"ஏன்?"

"அது உனக்குச் சேராது. நாங்க உன்னப் பெக்கல. எடுத்து வளத்தோம்."

பேனாவுக்கு மூடி போட்டாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். கேட்டது அபத்தம் என்று அவளுக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்டாள். இல்லம், இரண்டு மாதம், சாத்தூர், ரத்தப் பிரிவு எல்லாம். அழவில்லை. நான் முடித்த பிறகு, ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தன்னிக்கு நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"கல்யாணம் வேணாம்னு சொன்னன்னிக்கு?"

"ஆமா."

"அந்த நைட்டியெல்லாம் மடிச்சு வெச்சது நீங்கதானே?"

நான்தான். கொடியிலிருந்து எடுத்து, பட்டனெல்லாம் போட்டு, மடித்துப் பையில் வைத்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேடா, வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிக் கையைக் காட்டினாள். அரைமணி நேரத்தில் ஒரு தோள்பையோடு கிளம்பி, ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிற ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆபரேஷனை அவளே ரத்து செய்திருக்கிறாள். ஏன் ரத்து என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. நோய் இல்லை என்றேன். இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை. பகலெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நான் அனுப்பிய செய்திகளில் படித்துவிட்டதற்கான நீலக்கோடு விழும், பதில் வராது. ஒன்பது நாள். இந்திரா செத்த ஒன்பது நாள்கூட இப்படி இல்லை, அப்போது ஹேமா கூட இருந்தாள்.

7

பத்தாம் நாள் மத்தியானம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், கோர்ட்டு உத்தரவின் ஒரிஜினல் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவளாகவே அந்த அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்திருக்கிறாள். கோப்பைத் தேட மாதங்கள் ஆகலாமாம். கிடைத்தாலும், பெயரை வெளியிடக் கூடாது என்று பெற்றவள் அன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அவளைக் கண்டுபிடித்து அவள் சம்மதித்தால்தான் சொல்வார்களாம். அந்தக் காலத்துக் கோப்புகளில் உடம்பைப் பற்றி என்ன இருக்கும் என்று கேட்டதற்கு, பெரும்பாலும் தாய் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று ஒரு வரி இருக்கும் என்றார்களாம்.

அவளைப் பெற்றவள் எங்கேயோ பக்கத்தில், இதே ஊர் ஒக்கலிபுரத்திலோ எல்லை தாண்டி ஓசூரிலோ, தன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல், தன் பிள்ளைகளுக்குத் தெரியாமல், என்னைப் போலவே ஒரு படிவத்தில் பொய் எழுதிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பி வரக் கூடாது என்று நான் சாமி கும்பிட்டேன். அது இன்றுவரை பலித்துக்கொண்டிருக்கிறது.

மேஜையில் கிடந்த தாள்களைக் காட்டி, என்னைப் பற்றித்தானே என்று கேட்டாள். ஆமாம், உனக்கு வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். ரயிலில் இந்திரா அழுத இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அந்தச் சேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அவளுக்குத் தொட்டில் கட்டியே நைந்துவிட்டது.

அனுப்பட்டுமா என்றேன். அனுப்புங்க, இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போவுது என்றாள். எழுந்து நின்றுகொண்டுதான் அடுத்ததைக் கேட்டாள்.

"அந்தம்மாகிட்டேருந்து எனக்கு என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. அம்மாகிட்டேருந்து எனக்கு ஒண்ணுமே வராது. அப்படித்தானேப்பா?"

விரிந்து கிடந்த தாள்களை நான் ஒன்றாக அடுக்கினேன். அதைப் பார்த்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அங்கே கழுவ ஒன்றும் இல்லை, காலையிலேயே எல்லாவற்றையும் நான் கழுவிக் கவிழ்த்திருந்தேன். எழுந்து போய் வாசற்படியில் நின்று பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவிழ்த்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.